தெருமரம் வளர்ப்பது எப்படி: சென்னைக்கும் கிழக்குக் கடற்கரை ஊர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்து கிடந்த பல மரங்களின் அடியில் வேர்ப்பரப்பு ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குக்கூட இல்லை. ஒரு பக்கம் சிமெண்டு, இன்னொரு பக்கம் வடிகால் சுவர், நடுவில் சதுரமாக வெட்டுப்பட்ட வேர்க்கட்டி. மூன்று மாடி உயரத்துக்குக் கிளை விரித்த மரத்தை அது எப்படித் தாங்கும்?

நகரத்தில் மரம் வளர்ப்பதென்றால் முதலில் வேருக்கு இடம் தேடிக் கொடுப்பதுதான். கன்று நடுவது அதில் அரை நாள் வேலை. மீதியெல்லாம் மண், தண்ணீர், கவாத்து (கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்குவது), அப்புறம் யாராவது பள்ளம் தோண்ட வரும்போது கூடவே நிற்பது. சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். கோவை, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் மழை மாதங்களையும் மர வகைகளையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இடத்தைப் பாருங்கள், மண்ணைத் தோண்டுங்கள்

என்ன மரம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் நடப்போகும் இடத்தில் நின்று மேலும் கீழும் பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா, எவ்வளவு உயரத்தில்? கீழே மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், கேபிள் எங்கே ஓடுகின்றன? சுவருக்கும் சாலைக்கும் நடுவே திறந்த மண் எத்தனை அடி இருக்கிறது? மூன்றடிக்கு மூன்றடி மண்கூடக் கிடைக்காத இடத்தில் நடவே வேண்டாம். அங்கே நடுகிற மரம் பத்து வருடத்தில் நடைபாதையைத் தூக்கும், அல்லது புயலில் விழும். இரண்டில் எது நடந்தாலும் பழி மரத்தின் மேல்தான் விழும்.

சென்னை முழுவதும் ஒரே மண் இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் மணல். அண்ணா நகர், கொளத்தூர், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இவை எல்லாவற்றுக்கும் மேலே கட்டட இடிபாடு வேறு. நடைபாதை ஓரத்தில் இரண்டடி தோண்டினால் உடைந்த டைல்ஸும் காரைக்கட்டியும்தான் முதலில் வரும்.

ஒரு எளிய சோதனை செய்யுங்கள். இரண்டடி ஆழக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மறுநாள் போய்ப் பாருங்கள். மணலில் சில நிமிடங்களிலேயே வடிந்திருக்கும். களிமண்ணில் சில மணி நேரம் ஆகும். ஒரு நாள் கழிந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால் அங்கே வேம்பு பிழைக்காது, வேர் அழுகிவிடும். புங்கையும் நீர்மருதும் தாங்கும்.

2. எந்த மரம்?

நிழல் சீக்கிரம் வேண்டும் என்று பல ஆண்டுகளாக நாம் தெருவில் நட்டவை குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சிக்குத் தென், நடு அமெரிக்கா தாயகம். வேகமாக வளர்வதால் குல்மொஹரின் கட்டை மென்மையானது, வேரும் மேலாகவே ஓடும். வர்தாவில் அதிகம் விழுந்தவை இந்த வகை மரங்கள்தான். அதற்காக இன்று நன்றாக நிற்கும் ஒரு பழைய தூங்குமூஞ்சியை வெட்டச் சொல்லும் பேச்சை நான் ஏற்கமாட்டேன். அது கொடுக்கும் நிழலை இன்னொரு மரம் கொடுக்க நாற்பது வருடம் ஆகும். புதிதாகக் குறுகிய தெருவில் நடாமல் இருந்தால் போதும்.

என்ன நடலாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி நம் கோயில்களில் இருக்கிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. திருவொற்றியூரில் மகிழம். திருவான்மியூரில் வன்னி. மூன்றும் கடலோரக் கோயில்கள். உப்புக்காற்றையும் மணலையும் புயலையும் தாங்கும் மரங்கள் எவை என்று இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிண்டி தேசியப் பூங்காவில் இன்றும் மிஞ்சியிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காடுதான் இந்தக் கரையின் இயற்கையான காடு. அந்தக் காட்டு மரங்கள் மெதுவாக வளரும், உயரமும் குறைவு, ஆனால் கெட்டியானவை.

இடவசதியைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை, நுணா போன்ற சிறிய மரங்கள். சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்குப் புங்கை, பூவரசு, மகிழம், புன்னை. தண்ணீர் நிற்காத இடமானால் வேம்பும் சேர்த்துக்கொள்ளலாம். ஏரிக்கரை, பள்ளி மைதானம், பூங்கா போன்ற பரந்த இடங்களில் நீர்மருது, நாவல், இலுப்பை, ஆல், அரசு.

ஒரே ஒரு மரம்தான் நட முடியும் என்றால் நான் புங்கையைத்தான் சொல்வேன். பழைய இலையை உதிர்த்துவிட்டு, கத்திரி வெயில் வருவதற்குள் புது இலையோடு அடர்ந்து நிற்கும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது அதன் நிழலும் உச்சத்தில் இருக்கும். களிமண், மணல், தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். மகிழம் மெதுவாக வளரும், ஆனால் ஒருமுறை நிலைத்துவிட்டால் எளிதில் அசையாது.

பூவரசைப் பற்றி ஒரு வார்த்தை. கை பருமன் கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் உடனே துளிர்ப்பதால் பலரும் அப்படித்தான் நடுகிறார்கள். போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. வேலிக்கு அது போதும். தெருவில் நிற்க வேண்டிய மரத்துக்கு விதையிலிருந்து வளர்ந்த கன்றாகவே வாங்குங்கள்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். பச்சைச் சுவர்போல வேகமாக வளர்கிறது என்று குடியிருப்பு வளாகங்களிலும் சாலை நடுவிலும் வரிசையாக வைத்தார்கள். அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுவதாகப் புகார்கள் உண்டு, வேர்கள் குழாய்களையும் வடிகாலையும் துளைக்கின்றன, நம் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அதனால் பெரிய பயனில்லை. குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதை நடுவதற்குத் தடை விதித்தன.

3. கன்று வாங்கும்போது

நர்சரியில் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் பையைப் பாருங்கள். சின்னப் பையில் எட்டடி உயரக் கன்று நின்றால் அதன் வேர் உள்ளே சுருண்டு சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுருள் தானாக விரியாது. மரம் பருக்கும்போது அதே வேர் அடிமரத்தையே இறுக்கும். பத்து வருடம் நன்றாக வளர்ந்து, காரணமே தெரியாமல் வாடும் மரங்களில் சிலவற்றுக்கு இதுதான் கதை.

பையின் அடியைத் துளைத்துக்கொண்டு வேர் தரைக்குள் இறங்கியிருந்தால், தூக்கும்போது அது அறுந்துபோகும். அந்தக் கன்றையும் தவிருங்கள். நடுத்தண்டு ஒன்றாக, நேராக இருக்க வேண்டும். நுனி ஒடிந்து இரண்டாகப் பிரிந்தது வேண்டாம். தண்டு முட்டுக்கம்பு இல்லாமல் தானே நிற்கிறதா என்று அவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். ஆடு மாடு வராத இடத்துக்கு மூன்று நான்கடிக் கன்றே சிறந்தது. சீக்கிரம் வேர் பிடித்து, பெரிய கன்றைச் சில வருடங்களில் எட்டிப் பிடித்துவிடும். தெருவுக்கு ஆறடிக் கன்று தேவைப்படலாம். அப்போது பெரிய பையில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கின்றன. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்குப் பிறகு வகைகளும் கூடியிருக்கின்றன.

4. எப்போது நடுவது

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றைக்குத்தான் ஊரெங்கும் மரம் நடு விழா நடக்கும். கேரளத்தில் அது சரியான நாள், தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கும். சென்னையில் கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நேரம் அது. அன்று நட்டால் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. விழாவை அன்றைக்கு வைத்துக்கொண்டு குழியை மட்டும் தோண்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சென்னையில் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மாலை நேர இடிமழை வரும். அந்தக் காலத்தில் நட்டால், பெருமழையும் காற்றும் வருவதற்குள் கன்று கொஞ்சமாவது வேர் பிடித்திருக்கும். பிறகு வடகிழக்குப் பருவம் முழுவதும் வேர் ஓடி, அடுத்த கோடைக்குத் தயாராகிவிடும். களிமண் பகுதிகளில் நவம்பரில் நடாதீர்கள், குழி குளமாகிவிடும்.

5. குழியும் நடவும்

குழி மூன்றடி அகலம் இருக்கட்டும். ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல் மூன்றடிக்குள்தான் பக்கவாட்டில் பரவுகிறது. இடிபாட்டையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் குழியை வெயிலில் காயவிடுங்கள். அதுவரை யாரும் விழாதபடி மேலே ஏதாவது மூடி வையுங்கள். களிமண்ணில் மண்வெட்டி பட்ட பக்கச்சுவர் வழவழவென்று இறுகிவிடும், வேர் அதைத் துளைக்க முடியாமல் குழிக்குள்ளேயே சுற்றும். கடப்பாரையால் நாலாபுறமும் குத்திக் கீறிவிடுங்கள்.

நிரப்புவதற்குத் தோண்டிய மண்ணே முதல் தேர்வு. அதில் நாலில் ஒரு பங்கு மட்கிய தொழு உரம், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. வெறும் இடிபாடாக இருந்தால் செம்மண் வாங்கிக் கலக்க வேண்டியதுதான். குழி முழுக்க எருவைக் கொட்டாதீர்கள். எரு மட்கி அமிழும்போது கன்றும் கூடவே இறங்கிவிடும்.

நடும்போது பிளாஸ்டிக் பையைக் கட்டாயம் அறுத்து எடுங்கள். பையோடு வைத்த கன்றுகளைத் தெருவில் இன்றும் பார்க்கலாம். சுருண்டிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை பிளேடால் நறுக்கிவிடுங்கள். பிறகு, தண்டிலிருந்து முதல் வேர் கிளம்பும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் தரைமட்டத்தில் அல்லது ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்பது தவறான எண்ணம். தண்டின் பட்டை மண்ணுக்குள் இருப்பதற்கானது இல்லை, ஈரத்தில் அழுகும்.

மண்ணைப் பாதி நிரப்பித் தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் மீதியை நிரப்புங்கள். குதித்து மிதிக்க வேண்டாம். கன்றைச் சுற்றி இரண்டடித் தூரத்தில் வட்டப்பாத்தி கட்டுங்கள்.

முட்டுக்கம்பு இரண்டு போதும், தண்டுக்கு இருபுறமும் ஓர் அடி தள்ளி. பழைய பருத்தித் துணியாலோ டியூப் துண்டாலோ தளர்வாகக் கட்டுங்கள். கம்பியும் நைலான் கயிறும் பட்டையை அறுத்துவிடும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும், வேரும் பிடிக்கும். ஒரு வருடத்தில் முட்டுக்கம்பை எடுத்துவிடுங்கள்.

6. முதல் மூன்று கோடை

நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை சாவது நோயால் இல்லை, முதல் ஏப்ரல், மே மாதத் தாகத்தால். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதால் மேல் மண்தான் நனையும், வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே நின்றுவிடும். அப்படி வளர்ந்த மரம் வறட்சிக்கும் தாங்காது, புயலுக்கும் தாங்காது. இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள். முதல் கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டர். இரண்டாம் கோடையில் வாரம் இரண்டு முறை 30 லிட்டர். மூன்றாம் கோடையில் வாரம் ஒருமுறை 40 லிட்டர். மணல் பகுதியில் இடைவெளியைக் குறையுங்கள், களிமண்ணில் கூட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் நாலு விரற்கடை ஆழம் கிளறிப் பார்த்து, ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் பாத்தியைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர் எங்கே கிடைக்கிறதோ அந்தத் திசையில்தான் வேர் போகும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நகரம் இது. ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், இரவெல்லாம் ஓடும் ஏசியில் ஒரு வாளி தேறும், அதில் உப்பும் கிடையாது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் நல்லது. குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். புன்னை, பூவரசுக்கு எப்போதாவது ஊற்றலாம், இளங்கன்றுக்குத் தினமும் அதையே ஊற்றக் கூடாது.

மூடாக்கு போடுவதை ஒருபோதும் விடாதீர்கள். உதிர்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை எதுவானாலும் மூன்று நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். மண் சூடாவது குறையும், ஊற்றிய தண்ணீர் தங்கும், களையும் வராது. இலையைக் கூட்டி எரிக்கும் தெருவில் இதற்காகத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேச வேண்டியிருக்கும். அன்பாகப் பேசினால் அவர்களே குவித்து வைத்துவிட்டுப் போவார்கள்.

மரத்தைச் சுற்றிய இரும்புக்கூடு ஆடு மாடுகளிடமிருந்து காப்பாற்றும். ஆனால் அதை எடுக்க யாரும் வருவதில்லை. தண்டு கம்பியைத் தொடுவதற்கு முன்பே அறுத்து எடுத்து அடுத்த கன்றுக்கு வையுங்கள். கம்பியை விழுங்கி நிற்கும் மரங்களுக்கு அந்த இடத்தில்தான் பின்னாளில் முறிவு வரும். சீரியல் விளக்குக் கம்பி, விளம்பர ஆணி இரண்டுக்கும் இதே பதில்தான். ஆணி போன ஓட்டை வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். கண்டால் பிடுங்கிவிடுங்கள். ஆழமாகப் புதைந்து பட்டை மூடிவிட்டதென்றால் தோண்டாதீர்கள், அது புதுக் காயமாகிவிடும்.

7. கவாத்து

இளமரத்துக்குச் சின்னக் கத்தரியால் செய்யும் கவாத்து, இருபது வருடம் கழித்து ரம்பத்தால் செய்ய வேண்டிய வேலையைத் தவிர்த்துவிடும். இரண்டாம் வருடத்திலிருந்து ஆறாம் வருடம் வரை, வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். தலைத்தண்டு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், போட்டியாக எழும் இரண்டாவதைப் பாதியாக வெட்டுங்கள். குறுகிய கோணத்தில் ஒட்டி எழும் இரட்டைக் கிளைகளில் ஒன்றை எடுங்கள், நடுவில் பட்டை சிக்கிக்கொள்வதால் அந்த இணைப்பு பலமாக இருக்காது. கீழ்க்கிளைகளை ஒரே தடவையில் வழித்துவிடாதீர்கள். அவைதான் அடிமரத்தைப் பருமனாக்குகின்றன. வருடத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்து, மெல்ல மெல்ல எட்டடி உயரத்துக்கு வழி விடுங்கள்.

கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாக, மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது அதற்கும் கொஞ்சம் வெளியே, மேலிருந்து. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழுந்துவிடும். மூன்றாவது, மிஞ்சிய கட்டையை எடுக்கும் வெட்டு. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு புடைப்பு இருக்கும். அந்த வளையத்தை வெட்டாமல் அதற்குச் சற்று வெளியே அறுங்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வரும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது இதைத்தான். மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. தாரும் பெயிண்டும் அதற்கு உதவாது, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலைக் கூட்டவே செய்யும். பொந்தில் சிமெண்டு அடைப்பதும் அப்படித்தான்.

ஒரு தடவையில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். புயலுக்குப் பயந்து மரத்தை மொட்டையடிக்கும் வழக்கத்தால் ஆபத்து கூடத்தான் செய்யும். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாக வரும் புதுக்கிளைகளுக்கு ஆழமான பிடிப்பு கிடையாது, அழுகல் வேறு உள்ளே இறங்கும், அடுத்த காற்றில் அவைதான் முதலில் ஒடியும். உள்கிளைகளை வழித்துவிட்டு நுனியில் மட்டும் தழை விடுவதும் தவறு. பாரமெல்லாம் நுனிக்குப் போய், கிளை இன்னும் அதிகமாக ஆடும்.

நம் ஊரில் கவாத்துக்கு ஏற்ற காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர். ஏப்ரல், மே மாதங்களில் வெட்டினால் நிழலிலேயே இருந்த பட்டையில் நேர் வெயில் பட்டு வெடிக்கும். வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி அருகே இருக்கும் கிளையை நீங்கள் தொடாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் கம்பிப் பக்கக் கிளையை மட்டும் அதன் அடிவரை எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வளர்ந்த மரத்தின் வேரைக் காப்பது

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். வளர்ந்த மரங்களை நாம் இழப்பது பெரும்பாலும் பள்ளம் தோண்டுவதால். மழைநீர் வடிகால், குடிநீர், கேபிள், மெட்ரோ என்று ஒன்று மாற்றி ஒன்றாக ஜேசிபி வரும். வேர் அறுந்த மரம் அன்று விழாது. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு காற்றில் விழும். அதற்குள் பள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தின் குறுக்களவை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். ஓர் அடி பருமனான மரத்துக்கு 12 அடி. அடிமரத்திலிருந்து சுற்றிலும் அத்தனை தூரம் காக்கவேண்டிய வேர்ப்பகுதி. குறுகிய தெருவில் அது முழுவதும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பேச்சை அங்கிருந்து தொடங்கினால்தான் பாதியாவது மிஞ்சும். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியவை இவை: அந்த வட்டத்துக்குள் எந்திரம் வேண்டாம், ஆளை வைத்துத் தோண்டுங்கள். கை மணிக்கட்டுப் பருமனுள்ள வேரை வெட்டாமல் அதற்கு அடியில் குழாயை நுழையுங்கள். வெட்டியே ஆகவேண்டிய வேரை ரம்பத்தால் சுத்தமாக அறுங்கள், எந்திரத்தின் வாளியால் இழுத்துப் பிய்க்காதீர்கள். வெளியே தெரியும் வேரை ஈரச்சாக்கால் மூடி, அன்றைக்கே மண் போடுங்கள்.

அடுத்தது சிமெண்டு. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. உங்கள் தெருவிலும் அதையே கேளுங்கள். உடைக்கும்போது உளி, சுத்தியல் போதும், எந்திரத் துளைப்பான் வேரை நசுக்கும். உடைத்த இடத்தை அப்படியே விடாமல் இறுகிய மண்ணை லேசாகக் கிளறி, எருவும் மூடாக்கும் போடுங்கள். காற்றும் தண்ணீரும் உள்ளே போனால் அடுத்த துளிர்ப்பிலேயே வித்தியாசம் தெரியும்.

மரத்தைச் சுற்றித் தொட்டிபோலக் கட்டி மண் கொட்டி, பூச்செடி வைப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடிமரம் புதைகிறது, பட்டை அழுகுகிறது. சாலை போடும்போது ஒவ்வொரு முறையும் மட்டம் உயர்வதாலும் இதேதான் நடக்கிறது. அடிமரம் தரையில் விரிந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பம்போல நேராக மண்ணுக்குள் போனால் மேல் மண்ணை மெதுவாகக் கையால் எடுங்கள்.

ஆலமரம் இருக்கும் தெருவில் விழுதுகளை வெட்டாதீர்கள். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் புயலில் விழுந்தது. ஊன்றிய விழுதுகளால் மரம் இன்னும் நிற்கிறது. வழியை மறிக்கும் விழுதைக்கூட, மண் நிரப்பிய மூங்கில் குழாய் வழியாக ஓரமாக இறக்கிவிடலாம்.

9. நோய், பூச்சி

இதில் பதற வேண்டியது குறைவு. புங்கை இலையில் வரும் சின்னச் சின்ன முடிச்சுகள் சிலந்திப்பேனால் வருபவை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பட்டைமேல் கரையான் கட்டிய மண்பூச்சு பெரும்பாலும் செத்த பட்டையைத் தின்பதுதான், துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் வேம்பின் நுனிக்குச்சிகள் கருகித் தொங்கும். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் காரணம். மரம் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள், கோடைத் துளிர்ப்பில் பெரும்பாலானவை மீண்டுவிடும். அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்தால் மட்டும் கவனியுங்கள். உள்ளே வேர் அழுகுகிறது என்று பொருள், அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

10. புயலுக்கு முன்னும் பின்னும்

செப்டம்பரில் தெருவை ஒருமுறை சுற்றி வாருங்கள். மரம் சாய்ந்திருப்பது தன்னளவில் ஆபத்தில்லை, சாய்ந்தே வளர்ந்த மரம் அதற்கேற்ப வேர் போட்டிருக்கும். புதிதாகச் சாய்ந்ததும், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தரையில் வெடிப்பு தெரிவதும்தான் ஆபத்து. சமீபத்தில் ஒரு பக்கம் பள்ளம் தோண்டிய மரங்கள், காளான் முளைத்தவை, காய்ந்த பெருங்கிளை தொங்குபவை எல்லாவற்றையும் படம் எடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். பொது இடத்து மரத்தை முழுவதும் வெட்ட வேண்டுமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். யாராவது ரம்பத்தோடு வந்து நின்றால் முதலில் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

புயல் அன்று வெளியே போகாதீர்கள். வர்தாவின் கண் நகரத்தைக் கடந்தபோது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. ஒரு பக்கம் அசைந்து தளர்ந்த மரங்கள் அப்போதும் விழுந்தன.

மறுநாள் மின்கம்பிகள் அகற்றப்பட்டதும் இளமரங்களைப் பாருங்கள். கை பருமன்வரை உள்ளவை சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம். வேரை ஈரச்சாக்கால் மூடி வைத்து, ஒன்றிரண்டு நாளுக்குள், வேர் மடங்காமல் அடியில் மண்ணைக் குடைந்து இடம் செய்து, மெதுவாகத் தூக்கி நிறுத்துங்கள். மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து, இலையில் கொஞ்சம் குறைத்து, அடுத்த கோடையில் புதுக்கன்றைப் போலவே தண்ணீர் கொடுங்கள். வேரோடு பெயர்ந்த பெரிய மரத்தைக் கிரேன் வைத்து நிமிர்த்துவதை, மக்கள் நடமாடும் தெருவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். துளிர்க்கலாம், ஆனால் பழைய பிடிப்பு வராது.

தண்டு முறிந்து வேர் அசையாமல் நின்றால் கட்டையைப் பிடுங்கவிடாதீர்கள். புங்கை, பூவரசு, வேம்பு மூன்றும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். முறிந்த இடத்தைச் சரிவாக, தண்ணீர் நிற்காதபடி அறுத்துவிடுங்கள். சில வாரங்களில் பத்துப் பதினைந்து துளிர்கள் வரும். ஒரு வருடம் எல்லாவற்றையும் வளரவிடுங்கள், வேருக்கு அந்த இலைகள் வேண்டும். அடுத்த ஜூலையில், தரைக்கு அருகிலிருந்து கிளம்பிய, கட்டையோடு நன்றாகப் பிடித்திருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரண்டு தவணையாக எடுத்துவிடுங்கள். பழைய வேர் முழுவதும் அதற்குக் கிடைப்பதால், நர்சரிக் கன்றைவிட வேகமாக அது மரமாகும்.